ஒரு பல் கூடுதல்

ரெசினையும் ஹார்டனரையும் இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் காகிதக் கோப்பையில் ஊற்றி, ஐஸ்கிரீம் குச்சியால் கலக்க ஆரம்பித்த பிறகுதான், தான் இன்னும் எதையுமே முடிவு செய்யவில்லை என்பது ஆவுடைத்தங்கம் டீச்சருக்கு உறைத்தது. கை தன்பாட்டில் ஆரம்பித்துவிட்டது. வகுப்புக்குள் நுழைந்ததும், இன்றைக்கு என்ன பாடம் என்று மனசு யோசிப்பதற்கு முன்னால் பலகையின் வலது மூலையில் தேதியை எழுதி முடித்துவிடுகிற கை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போல. கலந்தாகிவிட்டது. இனி நாற்பது நிமிஷம். அதற்குள் ஊற்ற வேண்டியதை ஊற்றியாக வேண்டும். அப்புறம் கோப்பைக்குள் இருப்பது தேனாகி, பாகாகி, கல்லாகிவிடும். ஒரு பாடவேளையும் நாற்பது நிமிஷம்தான். இந்த ஒற்றுமையை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அவள் பலமுறை நினைத்திருக்கிறாள்; கேட்பவர்கள் சிரிப்பார்களா, பரிதாபப்படுவார்களா என்று நிச்சயமாகத் தெரியாததால் சொன்னதில்லை. மேஜைமேல் வெள்ளைப் பீங்கான் தட்டு. தட்டில் ஈரம் ஒற்றுகிற காகிதம். காகிதத்தின்மேல் இரண்டு பற்கள். ஒன்று இருக்க வேண்டும், இரண்டு இருந்தன. அந்த ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்த பிரம்மசக்தி முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். அவள் தண்ணீர் குடித்து முடித்துச் சொம்பைத் தரையில் வைத்த சத்தம் இப்போதுதான் கேட்டது. சாயங்காலம் அவளுக்குத் திருப்பூருக்கு பஸ். அங்கே தங்கச்சி பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், இவளுக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். திரும்பி வருவாளா என்று அவளுக்கே தெரியாது. பல் பதித்த டாலரைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் ஏறுவேன் என்றிருக்கிறாள். முழுசாக இறுக ஒரு நாள் ஆகும் என்று சொன்னதற்கு, “பரவாயில்ல டீச்சர், டப்பாவுல வச்சு மடியில வச்சிட்டுப் போறேன். ஊத்துததை மட்டும் நான் பாக்கணும்” என்றாள். அதற்குத்தான் வந்திருக்கிறாள். பார்ப்பதற்கு.

“டீச்சர், உள்ள வரலாமா?” “இரும்மா, வாடை அடிக்கும். ஒரு அஞ்சு நிமிஷம்.” வாடையே அடிக்காத ரெசின் என்று டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பொய் சொன்னால் மூக்கு நுனி அரிக்கும் அவளுக்கு, அரித்தது. போன வாரம் முதல்தடவையாக வந்தபோது பிரம்மசக்தி குங்குமச் சிமிழ் ஒன்றைத் திறந்து காட்டினாள். உள்ளே கோலிக்குண்டு அளவுக்குக் காய்ந்த சாணி உருண்டை. இதென்ன என்று ஆவுடைத்தங்கம் கேட்கவில்லை. தெரியும். விழுந்த பல்லைச் சாணிக்குள் பொதிந்து கூரைமேல் எறியாத பிள்ளை இந்த ஊரில் உண்டா. எறிந்துவிட்டு நிமிர்ந்து பார்க்கக்கூடாது, பார்த்தால் முளைக்கிறது கோணலாக முளைக்கும். ஆவுடைத்தங்கம் பார்த்திருக்கிறாள், அவளுக்குக் கோணல். பிரம்மசக்தியின் மகள் தர்ஷிகாவுக்கு ஆறு வயசு. பங்குனியில் கீழ்வரிசை முன்பல் ஒன்று விழுந்தது. அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது, நாலு நாள். “ஒண்ணுதான் டீச்சர் விழுந்திச்சு. பக்கத்துப் பல்லு ஆடிக்கிட்டு இருந்திச்சு. எந்நேரமும் நாக்கால தள்ளிக்கிட்டே இருப்பா. அதோடயே போயிட்டா.” சின்னப் பிள்ளை என்பதால் எரிக்கவில்லை, மண்ணில் வைத்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் இவள் ஏணி போட்டு வளவின் ஓட்டுக்கூரையில் ஏறினாளாம். எட்டு வீட்டுக்கும் ஒரே கூரை. மூன்று நாள் தேடினாளாம். மழை இல்லாததால் உருண்டை அப்படியே ஓட்டு இடுக்கில் இருந்திருக்கிறது. “எட்டு வீட்டுப் பிள்ளைகளும் எறியுத கூரைதானே? இதுதான் உம் பிள்ளை எறிஞ்சதுன்னு எப்படித் தெரியும்?” என்று ஆவுடைத்தங்கம் கேட்டாள். கேட்டிருக்கக்கூடாது. விடை சரியாக இருந்தாலும் வழிமுறை எங்கே என்று கேட்கிற வாய் அது, அடக்க முடிவதில்லை. பிரம்மசக்தி கோபப்படவில்லை. உருண்டையைத் திருப்பிக் காட்டினாள். “நாந்தான் டீச்சர் உருட்டிக் குடுத்தேன். பாருங்க, எம் பெருவிரல்.” காய்ந்த சாணியில் ரேகை அப்படியே இருந்தது, சுழி சுழியாக. ஆவுடைத்தங்கம் மேற்கொண்டு கேள்வி எதுவும் கேட்காமல் சிமிழை வாங்கி வைத்துக்கொண்டாள்.

அந்த உருண்டையைத்தான் நேற்றுச் சாயங்காலம் தண்ணீரில் போட்டாள். காலையில் கரைந்திருந்ததை டீ வடிகட்டியில் ஊற்றிக் குழாயடியில் பிடித்தாள், தவிட்டு நிறத்தில் நார் நாராக ஓடியது, கம்பி வலையில் டிக் என்று ஒரு சத்தம், பிறகு இன்னொரு டிக். அந்த இரண்டாவது சத்தத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் டிக்கோடு குழாயை மூடியிருந்தால். ஆனால் அவள் மூடுகிற ரகம் இல்லை, கடைசிச் சொட்டுவரை வடிக்கிற ரகம். வடிகட்டியில் ஏற்கனவே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்திருக்குமோ. போன மாசம் மகாராஜநகரிலிருந்து ஒருத்தர் மகனுடைய பல்லைக் கொண்டுவந்தார், ஆனால் அது கடைவாய்ப் பல், அதற்குத் தண்ணீரே பட வேண்டியிருக்கவில்லை, மோதிரமாக்கிக் கொடுத்தாகிவிட்டது. அதற்கு முன்னால் வந்தது தொப்புள்கொடி. அதற்கு முன்னால் முதல் முடி. பல் இல்லை. இருபத்திரண்டு வருஷம் உயிரியல் நடத்திவிட்டு இப்போது பிள்ளைகளின் மிச்சம் மீதிகளை வெள்ளி வில்லையில் பதித்துக் கொடுக்கிறாள். முதன்முதலாக அறிவியல் கண்காட்சிக்காக ஒரு பொன்வண்டை ரெசினில் பதித்தாள், பச்சை மின்னிக்கொண்டு உயிரோடு இருப்பதுபோலவே இருந்தது. அதைப் பார்த்த ஒரு பெற்றோர், இடுப்புத் தாயத்தில் போடுகிற கொடியை இதேமாதிரி கண்ணுக்குத் தெரிகிறமாதிரி செய்துதர முடியுமா டீச்சர் என்று கேட்டார். அப்படித்தான் ஆரம்பம். வில்லைகளை டவுனில் ஓர் ஆசாரி செய்து தருகிறார். ஆய்வகத்தில் இடுக்கி என்று அவள் சொல்லிக்கொடுத்ததை அவர் சாமணம் என்கிறார், இவளும் இப்போது சாமணம் என்றே சொல்லப் பழகிவிட்டாள், தொழில் மாறினால் கையிலிருக்கிற பொருளுக்குக்கூடப் பெயர் மாறிவிடுகிறது. பெயரிலேயே தங்கம் இருந்தும் ஒரு குந்துமணி தங்கத்தை வைத்து வேலை செய்தது கிடையாது. “ஆசாரி பட்டறையும் இல்ல, சுடுகாடும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல ஒரு தொழில கண்டுபிடிச்சிருக்க” என்பார் நயினார். அவள் கணவர், மின்வாரியத்தில் இருக்கிறார். தினமும் சாப்பிடும்போது ஒருமுறை இதைச் சொல்வார், அதற்காகவே சாப்பிட வருகிறாரோ என்று தோன்றும்.

சாமணத்தால் முதல் பல்லைத் தூக்கி உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே பிடித்தாள். பால்பற்கள் இருபது. வெட்டுப்பற்கள் எட்டு, கோரைப்பற்கள் நான்கு, கடைவாய்ப்பற்கள் எட்டு. முன்கடைவாய்ப்பல் என்பது பால்பற்களில் கிடையாது. எழுதினால் அரை மதிப்பெண் போச்சு. இது கீழ்த்தாடை நடு வெட்டுப்பல். சந்தேகம் இல்லை. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு. அடியில் குழிவு, வேர் முழுக்கக் கரைந்துபோய் வெறும் ஓடு, தானாக விழுகிற பால்பல் இப்படித்தான் இருக்கும். கீழே இருந்து வருகிற நிலைப்பல் மேலே இருப்பதன் வேரைத் தின்றுகொண்டேதான் வருகிறது. தின்று என்ற சொல்லைப் போட்டால்தான் ஒன்பதாம் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். இதைக் கீழே வைத்தாள். அடுத்ததைத் தூக்கினாள். இதுவும் கீழ்த்தாடை நடு வெட்டுப்பல். இடதா வலதா என்று இந்த ஒரு ஜோடியில் மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியாது, அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும், இயற்கைக்கே அங்கே கொஞ்சம் அலட்சியம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அழகாகச் சேர்ந்தன, நடுவில் வெளிச்சம்கூட நுழையவில்லை. அதே பால் வெள்ளை. அதே அளவு. ஓரத்தில் அதே மூன்று நுண்ணிய கோடு. ஒரே வித்தியாசம், இதற்கு வேர் மிச்சம் இருந்தது. கால் பங்கு வேர், ஒரு பக்கமாகச் சாய்ந்து, பொசுங்கிய திரி மாதிரி. தானாக விழ இதற்கு இன்னும் மூன்று வாரமோ ஒரு மாசமோ இருந்திருக்கிறது. அதாவது ஆடிக்கொண்டிருந்த பல். நாக்கால் தள்ளிக்கொண்டே இருந்த… வேண்டாம். அந்த வழியில் போக வேண்டாம். கூரை எட்டு வீட்டுக்கும் பொது. ஐம்பது வருஷமாக அங்கே பல் எறிந்துகொண்டிருக்கிறார்கள். ஏதோ ஒரு பிள்ளை நூல் கட்டி முன்னாலேயே இழுத்துவிட்டிருக்கும், அந்தப் பல் ஓட்டின்மேல் கிடந்திருக்கும், இந்த ஈரச்சாணி அதன்மேல் போய் விழுந்திருக்கும், ஒட்டிக்கொண்டிருக்கும். இது ஒரு விளக்கம். முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் ஒட்டிக்கொண்டது என்றால் வெளிப்பக்கம் அல்லவா இருந்திருக்க வேண்டும். நாலு பக்கமும் அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாளே, வெளியே ரேகையைத் தவிர ஒன்றும் இல்லையே. ஈரச்சாணி என்றால் உள்ளே அமுங்கியிருக்கும். அமுங்கின இடம் தெரியாதா. காய்ந்து சுருங்கும்போது மூடியிருக்கும். அப்படியா. மூடியிருக்கலாம். குச்சியால் கோப்பையைக் கலக்கிப் பார்த்தாள், இன்னும் தண்ணீர்போலத்தான் இருந்தது.

போன் அதிர்ந்தது. எஸ்தர் டீச்சர். எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப அடிப்பாள், சத்தம் கேட்டு முன்னறையில் இருப்பவள் எழுந்து வருவாள். “என்ன நகைக்கடை முதலாளியம்மா, பிஸியா?” பின்னால் ஆசிரியர் அறையின் சத்தம், யாரோ டிபன் பாக்ஸைத் திறக்க மேஜையில் தட்டுகிறார்கள். “சொல்லு எஸ்தர்.” “ஒண்ணுமில்ல, பத்தாம் வகுப்புக்கு ஆள் இல்லாம ஹெச்செம் தலையைப் பிச்சிக்கிட்டு இருக்காவ. ஆவுடைத்தங்கம் இருந்திருந்தா இந்நேரம் எல்லா பாடமும் முடிஞ்சிருக்கும்னு இன்னிக்கும் ஒரு பாட்டு. வந்துரேன்ட்டி, மதிப்பூதியத்துக்கு.” “மாட்டேன்.” “ஏன், பல்லு பதிக்கிறது அவ்வளவு நல்லா போகுதாக்கும்? எங்க மாமியாருக்குப் பல்செட்டு ஒண்ணு வேணும், வெள்ளியில கட்டித் தருவியா?” சிரித்தாள். இவளும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். “எஸ்தர், ஒண்ணு கேக்கட்டா. கூந்தன்குளம் போயிட்டு வந்தோம்லா.” “எம்மா, நீ இன்னும் அந்த பஸ்ஸை விட்டு எறங்கலையா?” என்றாள் எஸ்தர். “உன்னையும் சேத்து எண்ணியிருப்பட்டி. அன்னிக்கே சொன்னேன். சரி, பெல் அடிச்சிட்டான், வைக்கேன்.” வைத்துவிட்டாள். உன்னையும் சேர்த்து எண்ணியிருப்பாய். இதை எத்தனை தடவை அவளே தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அத்தனை தடவையும் அது பொருத்தமாகத்தான் இருந்திருக்கிறது, ஆனால் சட்டைப் பித்தானை ஒரு துளை தள்ளிப் போட்டதுபோல எங்கேயோ இழுத்துக்கொண்டே இருக்கிறது.

கூந்தன்குளம் போன அன்றைக்கு ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு, நாற்பத்தொரு பெண்கள். பறவைகளைப் பார்த்து முடித்து நாலரை மணிக்கு பஸ்ஸில் ஏறியதும் தலையை எண்ணினாள், இரண்டிரண்டாக, விரலால் சுட்டாமல், பென்சிலால். நாற்பத்திரண்டு வந்தது. திரும்ப எண்ணினாள். நாற்பத்திரண்டு. வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளை எதுவும் ஏறிவிட்டதோ என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள், எல்லாம் தெரிந்த முகம், ஒவ்வொன்றும் தெரிந்த முகம். பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட்டாள். நாற்பத்தொரு பெயர், நாற்பத்தொரு உள்ளேன் டீச்சர், பெயர் கூப்பிடாமல் மிச்சம் உட்கார்ந்திருப்பவள் யாரும் இல்லை. சரி, அவரவர் எண்ணைச் சொல்லுங்கள் என்று முன் சீட்டிலிருந்து ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு என்று கிளம்பிய சத்தம் பஸ் நெடுகப் போய்ப் பின்சீட்டில் முடிந்தது, நாற்பத்தொன்று என்று முத்தரசி சொன்னாள், சொல்லிவிட்டுச் சிரித்தாள், அவள் சிரிப்புக்கு அடியில் நாற்பத்திரண்டு என்று ஒரு குரல். கூச்சப்பட்ட குரல். கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று காத்திருந்துவிட்டுத் தானாகவே சொல்லிக்கொண்ட குரல். யார் விளையாடுவது என்று அதட்டினாள். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, ஓட்டுநர் மணியாச்சு டீச்சர் என்றார், எஸ்தர் அந்த ஜோக்கை அடித்தாள், பஸ்ஸே சிரித்தது. ஆள் குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்குப் பயணம் போவதற்கு முன்பே ஒரு தாளில் ஏழு விதிகள் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். கூடினால் என்ன செய்வது என்பதற்கு ஒரு விதியும் கிடையாது. அவள் நாற்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பஸ் கிளம்பியது. அந்தக் கூடுதல் எண் அதோடு நிற்கவில்லை. வகுப்பில் எண்ணினாலும் ஒன்று கூட. பரீட்சை ஹாலில் முப்பது வினாத்தாள் முப்பது பேருக்கும் சரியாக வரும், தலையை எண்ணினால் முப்பத்தொன்று. பிரார்த்தனைக் கூட்டத்தில் வரிசை நேராகத்தான் நிற்கும், ஆனால் கடைசியில் நிற்பவளுக்குப் பின்னால் ஒரு ஆளுக்கான இடம் எப்போதும் விட்டிருக்கும். பயப்படும்படி எதுவும் நடக்கவில்லை. அது ஒன்றும் செய்யவில்லை. கூப்பிடுவதற்காகக் காத்திருந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் அவள் இருக்க வேண்டிய எண்ணிக்கையைத்தான் எழுதினாள். ஒரு தடவைகூட இருக்கிற எண்ணிக்கையை எழுதியதில்லை. விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தபோது கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொன்னாள். ஹெச்செம்மிடம் தொண்டை, எஸ்தரிடம் தேர்தல் வேலை, நயினாரிடம் சொந்தமாக ஒரு தொழில். மூன்று பேரும் நம்பினார்கள். நயினார் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு நம்பினார். மேஜையில் ஐந்து வில்லை வைத்தால் மறுநாளும் ஐந்துதான் இருக்கும். அதற்காகத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தாள். இரண்டு வருஷமும் அப்படித்தான் இருந்தது, இன்று காலை அந்த இரண்டாவது டிக் வரைக்கும்.

கோப்பை வெதுவெதுப்பாக ஆரம்பித்திருந்தது. இருபது நிமிஷம் போயிருக்கும். செய்ய வேண்டியது என்னவோ சுலபம்தான். குழிவாக இருக்கிற பல், தானாக விழுந்த பல், தர்ஷிகாவுடையது என்று சொல்ல எல்லா நியாயமும் உள்ள பல். அதை வில்லையில் வைத்து, பிரம்மசக்தியைக் கூப்பிட்டு, அவள் பார்க்க ஊற்றினால் முடிந்தது. மற்றதை ஒரு மூடியில் போட்டு மேஜை இழுப்பறைக்குள் தள்ளிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? இரண்டு இருந்தது அம்மா, எது உன் பிள்ளையுடையது என்று எனக்கு நிச்சயம் இல்லை. அவ்வளவுதான், அந்தப் பெண்ணிடம் மிச்சம் இருப்பதே அந்த ஒரு நிச்சயம்தான், மூன்று நாள் கூரையில் தவழ்ந்து எடுத்தது, அதுவும் போய்விடும், யாரோ ஒருத்தியின் பல்லாக இருக்குமோ என்று திருப்பூரில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டே இருப்பாள். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் மறுபடியும் நாற்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள், அவ்வளவுதான். ஒன்று இருக்கிறது, கூப்பிட்டால் வரக் காத்திருக்கிறது, அதை மூடி போட்டு மூடப்போகிறாள். அதற்குக் கேட்குமா. என்ன பேச்சு இது, பல்லுக்குக் காது எங்கே இருக்கிறது, அது கால்சியம், பாஸ்பேட். பார்த்துக் கீழே வைத்த பிறகு இரண்டின்மேலும் அவள் சாமணம் படவே இல்லை, ஆனால் காகிதத்தின்மேல் அவை ஒட்டிக்கொண்டு கிடந்தன. பிரித்துத்தான் வைத்திருந்தாள் என்று நினைவு. பிரித்து வைத்தாளா, பிரிக்க நினைத்தாளா. ஈரக் காகிதம் காயும்போது சுருங்கும், சுருங்கினால் மேலே இருப்பது நகரும். ஆமாம். சுருங்கும். அவள் பால்பாயிண்ட் பேனாவின் மூடியை எடுத்து வேர் உள்ள பல்லின்மேல் கவிழ்த்தாள். கவிழ்த்ததும் அறையில் ஏதோ ஒன்று குறைந்தது, மின்விசிறி நின்றிருந்தது. கரண்ட் போய்விட்டது. அந்த அமைதியில், “டீச்சர்” என்று பிரம்மசக்தி வாசலில் நின்றுகொண்டு கூப்பிட்டாள். “வாடை எதுவும் இல்லியே.”

சுங்குடிச் சேலை, கையில் ஒரு துணிப்பை. அவளுக்கு வயசு முப்பது இருக்குமா. உள்ளே வந்தாள், மேஜையைப் பார்த்தாள், குனிந்து குழிவான பல்லைப் பார்த்தாள், தொடவில்லை. “இம்புட்டுக் காணும்” என்றாள். “என்னமோ பெரிசா இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன்.” “காய்ஞ்சா அப்படித்தான்மா தெரியும்.” “மூடிக்குள்ள என்ன டீச்சர்?” பேனா மூடி என்று சொல்லியிருக்கலாம், அது பேனா மூடிதான். மூக்கு நுனி அரிக்க ஆரம்பித்தது. எத்தனை பெண்களை எழுப்பி நிறுத்தி, உண்மையைச் சொல்லு, நான் ஒன்றும் செய்யமாட்டேன் என்று சொல்லியிருப்பாள், சொன்னவர்களை வெயிலில் நிறுத்தியும் இருக்கிறாள். மூடியை எடுத்தாள். “ரெண்டு இருந்துதும்மா.” “எதுல?” “உருண்டைக்குள்ள. காலைல கரைச்சப்போ. நான் வேற எங்கேயும் கலக்கல, சத்தியமா. எது உம்மகளோடதுன்னு…” குரல் போய்விட்டது. ஹெச்செம்மிடம் சொன்ன தொண்டைக் காரணம் இத்தனை நாள் கழித்து உண்மையாகிறது. பிரம்மசக்தி அழுவாள் என்று எதிர்பார்த்தாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், காய்கறிக்காரனிடம் தரம் பார்க்கிறமாதிரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வலதுகையை நீட்டி மேஜைமேல் வைத்தாள். பெருவிரலுக்கு அடியில், சதைப்பற்றான இடத்தில், கறுத்த புள்ளிகள். “மருந்து குடுக்கப் போனேன். கடிச்சிட்டா. ரத்தம் வந்திட்டு, நல்லா ஒரு அடி வச்சேன்.” இடதுகை விரலால் அந்தப் புள்ளிகளைத் தடவினாள். “அடிச்சேன் டீச்சர்.” ஆவுடைத்தங்கம் உருப்பெருக்கியை நகர்த்திப் பார்த்தாள், கேட்காமலேயே. மேல்வரிசைக்கு நாலு வடு. கீழ்வரிசையில் நடுவில் ஒரு பல்லுக்கான இடம் வெறுமையாக, வழுவழுவென்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு வடு, ஆழமாக.

பிரம்மசக்தி குழிவான பல்லை இரண்டு விரலால் எடுத்து அந்த வெறும் தோலில் வைத்து அழுத்தினாள். பக்கத்து வடுவில் வைத்தும் அழுத்தினாள். உட்காரவில்லை, வழுக்கியது. “ஒண்ணும் தெரியல.” அதைக் காகிதத்தில் வைத்துவிட்டு வேர் உள்ளதை எடுத்தாள். வடுவில் வைத்தாள். அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. சுருக்கென்று மூச்சை இழுத்தாள், தோள் குலுங்கியது, கையை உதறப் போனவள் உதறாமல் அப்படியே வைத்திருந்தாள். “இது” என்றாள். “வலிக்கி டீச்சர். அதே மாதிரி வலிக்கி.” அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஆவுடைத்தங்கத்துக்கு மண்டைக்குள் விடைத்தாள் திருத்துகிற சிவப்பு மை கசிந்தது. விழுந்துபோன பல் எப்படிக் கடிக்கும். கடித்தது மிச்சம் இருந்த பல், ஆடிக்கொண்டிருந்த பல். வடு அதனுடையது. வடுவில் எது பொருந்துகிறதோ அது கூரைக்கு வந்திருக்கவே முடியாது. அது வாய்க்குள் இருந்தபடியே மண்ணுக்குள் போனது. வழிமுறை தப்பு அம்மா, உன் சோதனையில் எது தேறுகிறதோ அதுதான் இங்கே இருக்கவே கூடாதது. சொல்லக்கூடாது. கேட்கக்கூடாது. “பல்லு விழுந்தது எப்பம்மா?” வாய் கேட்டுவிட்டது. “காய்ச்சலுக்கு முந்தின வாரம்.” “கடிச்சது?” “காய்ச்சல் ரெண்டாம் நாளு.” சொல்லிவிட்டு பிரம்மசக்தி நிமிர்ந்து பார்த்தாள். விடைத்தாளைக் கொடுத்துவிட்டு, டீச்சர் கண்டுபிடித்துவிட்டாளா என்று பார்க்கிற பார்வை அல்ல அது. டீச்சர் இப்போதுதான் கண்டுபிடிக்கிறாளா என்று பார்க்கிற பார்வை. “நீங்க என்ன கேக்கீயன்னு தெரியுது” என்றாள். “வாய்க்கரிசி போடையில நான் பாத்தேன். அங்கனயேதான் இருந்திச்சு. அரிசிக்குப் பக்கத்துல.” ஆவுடைத்தங்கம் குழிவான பல்லைப் பார்த்தாள். அதைப் பார்த்ததைப் பார்த்துவிட்டு, “அது விழுந்ததுதான டீச்சர். விழணும்னு இருந்திச்சு, விழுந்திட்டு. இது போகமாட்டேன்னு நின்னது” என்றாள் பிரம்மசக்தி. “ஊத்துங்க. இறுகிரப்போகுது.”

குச்சியைத் தூக்கினால் நூல் இழுத்தது. இன்னும் சில நிமிஷம்தான். வில்லைக்குள் வேர் உள்ள பல்லைப் படுக்க வைத்தாள், வேர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததால் மூன்றாவது தடவைதான் நேராக உட்கார்ந்தது. கோப்பையைச் சாய்த்தாள். பாகு மெதுவாக இறங்கி வெள்ளி விளிம்புவரை நிறைந்தது, பல் உள்ளே தெளிவாக, இருந்ததைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. வேர் நுனியிலிருந்து ஒரு குமிழி கிளம்பி மேலே வந்து நின்றது. அதை உடைக்க லைட்டரை எடுத்தாள், சுடரை ஒரு தரம் மேலே காட்டினால் குமிழியெல்லாம் உடைந்து ஓடிவிடும், எல்லா டாலருக்கும் அப்படித்தான். குமிழி இருந்தால் யாரும் வாங்கமாட்டார்கள். “வேருக்குள்ள பொந்து இருக்கும்மா. அதுல இருக்கிற காத்து வருது.” இன்னொன்று வந்தது. சற்று நேரம் விட்டு இன்னொன்று. அவற்றுக்கு இடையே இருந்த நேரம் ஒன்றுபோலவே இருந்தது. எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள். பிரம்மசக்தி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “கொளுத்தாதீங்க டீச்சர். மூச்சு விடட்டும்.” லைட்டரைக் கீழே வைத்தாள். வெளியே யாரோ குக்கர் விசிலைச் சத்தமாக எண்ணுகிறார்கள், ஐஸ்காரர் மணி அடித்துக்கொண்டு போகிறார், பன்னிரண்டு ஆகப்போகிறது. கோப்பையில் மிச்சமிருந்த பாகு சூடாகி, கல்லாகி, குச்சியைப் பிடித்துக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. வில்லையின் விளிம்பில் ஊசியால் தொட்டுப் பார்த்தாள், ஊசி இறங்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் இறுகாது, இறுகிவிட்டால் காற்று நகராது. இரண்டு பேரும் தலை முட்டுகிற அளவுக்குக் குனிந்து, அடுத்த குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தது.